மாடு தின்பது ஒன்று, சோதனைக்கு வருவது ஒன்று

மண் பரிசோதனைக்கு நம் விவசாயிகள் நன்றாகவே பழகிவிட்டார்கள். வயலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வரப்போரத்தையும் எருக்குவித்த இடத்தையும் விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் பங்கிட்டு, கடைசியில் அரைக்கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதே விவசாயி மாட்டுத் தீவனத்தைச் சோதிக்க வரும்போது பார்க்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். உள்ளே ஒரு கைப்பிடி பிண்ணாக்கு இருக்கும். "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்.

அந்தக் கைப்பிடியை வாங்கிக்கொண்டு நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஏமாந்தது நான், நஷ்டப்பட்டது விவசாயி.

1998-ம் ஆண்டு ஐப்பசி மழை சமயம். நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். எட்டு மூட்டை கடலைப் பிண்ணாக்கு வாங்கித் தோட்டத்துச் சாளையில் அடுக்கியிருந்தார். "வாசம் ஒரு மாதிரி இருக்குதுங்க சார்" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்று முடிவு வந்தது. தாராளமாகப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். பசுக்கள் பாலைக் குறைத்துவிட்டன. தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன. ஊறவைத்த பிண்ணாக்குத் தண்ணீர் குடித்து வந்த கிடாரிக் கன்று மெலிந்து, முக்கி முக்கிக் கழிந்து, செத்தே போயிற்று. அவர் கோபப்படவில்லை. "ஏனுங்க சார், நல்லா இருக்குதுன்னு நீங்கதானுங்களே காயிதம் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே சாளைக்குப் போனேன். எட்டு மூட்டையும் வெறுந்தரையில் சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. சுவரில் மழை ஈரம் கசிந்திருந்தது. எனக்கு வந்த கைப்பிடி, முன்வரிசையில் மேலாக இருந்த மூட்டையின் வாயிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று தனித்தனியாக எடுத்துச் சோதித்தோம். ஆறு மூட்டை சுத்தம். சுவரை ஒட்டி அடியில் இருந்த இரண்டு மூட்டைகளில் நச்சு, அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. ஆய்வுக்கூடத்தின் முடிவில் பிழை இல்லை. அந்தக் கைப்பிடிக்கு என்ன உண்டோ அதைத்தான் அவர்கள் சொன்னார்கள். 'இதை எங்கிருந்து, எப்படி எடுத்தீர்கள்' என்று கேட்காதது என் தவறு.

பிண்ணாக்கில் ஒளிந்திருக்கும் நச்சு

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை உண்டாக்கும் 'அப்ளடாக்சின்' நச்சைப் பற்றி இந்தப் பக்கத்து வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் செத்தன. தீவனத்தில் சேர்த்த, பிரேசில் நாட்டிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் கண்டார்கள். இந்த நச்சு உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் சொல்லியுள்ள வரம்பு, நூறு கோடியில் 20 பங்கு. அதாவது ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். சிறிய உப்புக்கல் ஒன்றின் எடைதான். இது தீவனம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தால் ஒரு கைப்பிடி எடுத்தாலும் தெரிந்துவிடும். ஆனால் பூஞ்சை அப்படிப் பரவுவதில்லை. ஈரம் பட்ட மூலையில், ஓட்டை விழுந்த காயில், பூச்சி அரித்த பருப்பில் மட்டும் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. மிகக் கெட்டுப்போன ஒரே ஒரு கடலைப் பருப்பு, தன்னோடு அரைபடும் பல கிலோ நல்ல பருப்பையும் வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். உங்கள் கை அந்தத் திட்டுக்குள் போனால் எல்லாமே விஷம் என்று முடிவு வரும். திட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போனால் எல்லாமே நல்லது என்று வரும்.

இது மாட்டோடு நிற்பதுமில்லை. தின்ற நச்சில் ஒரு சிறு பங்கு, உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்த நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. எடுத்த 551-ல் 88. பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். இது கலப்படமே இல்லை, தீவனத்தோடு வருவது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் எந்த மூட்டையை நிறுத்துவது என்று தெரிய வேண்டுமே!

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்து மறுபடி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெயில் பூஞ்சை வளர்வதை நிறுத்தும். முன்பே உண்டாகிவிட்ட நச்சு அப்படியேதான் இருக்கும்.

மூட்டையில் மாதிரி எடுப்பது

நெல் மண்டியில் தரகர் மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு முனை கூராக, குழல் போன்ற இரும்பு. தவிடு, தூள் தீவனம், குச்சித் தீவனம், உடைத்த மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் மண்டி ஊசி குட்டையானது; மூட்டையின் நடுவரை எட்டாது. கொஞ்சம் நீளமாக, இரண்டரை அடிக்குக் குறையாமல், கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கிக்கொள்ளலாம். ஊருக்கு ஒன்று, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் எல்லோருக்கும் உதவும். மூட்டையைப் படுக்கவைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை நோக்கிச் சாய்வாகக் குத்துங்கள். குழல் திறந்த பக்கம் கீழே இருக்கும்படி உள்ளே செலுத்தி, பிறகு மேலே திருப்பி உருவினால் மூட்டையின் குறுக்கே உள்ள எல்லாப் பகுதியும் வந்துவிடும்.

ஊசி கிடைக்காவிட்டால் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, நாலைந்து இடங்களில் அள்ளுங்கள். மூட்டை வாயில் கைவிட்டு எடுப்பது மட்டும் வேண்டாம். லாரியிலும் வண்டியிலும் குலுங்கி வரும்போது தூள் அடியில் இறங்குகிறது. பருமனானது மேலே நிற்கிறது. தாது உப்பும் மணலும் அடியில்தான் சேரும். வாயில் எடுத்த மாதிரிக்கும் அடியில் எடுத்த மாதிரிக்கும் வித்தியாசம் நிச்சயம் இருக்கும்.

பத்து மூட்டை வரை ஒவ்வொரு மூட்டையிலும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பத்துக்குக் குறையாமல், முன்வரிசை, பின்வரிசை, அடிவரிசை மூன்றும் வருமாறு எடுத்தால் போதும். ஆனால் பூஞ்சை நச்சுக்கு என்றால் இந்தச் சலுகை கிடையாது. எத்தனை மூட்டை இருந்தாலும் ஒவ்வொன்றையும் குத்திப் பார்ப்பதே நல்லது. ஈர வாடை அடிக்கிற மூட்டையையும், கட்டி கட்டியாக இருக்கிற மூட்டையையும், கையை விட்டால் சூடு தெரிகிற மூட்டையையும் மற்றவற்றோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுக்க வேண்டும். நல்ல ஆறோடு கெட்ட இரண்டைக் கலந்து அனுப்பினால் நடுத்தரமாக ஒரு கணக்கு வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது.

செக்குப் பிண்ணாக்கு வட்டுகளாக இருந்தால், பல வட்டுகளை உடைத்து ஓரத்துண்டும் நடுத்துண்டும் சேர்த்து உரலில் இடித்துக் கலந்துகொள்ளுங்கள். பூஞ்சை நச்சுக்கான மாதிரியைக் குறைப்பதற்கு முன்பே இடித்துவிட வேண்டும். முதலில் குறைத்துப் பிறகு இடித்தால், கெட்ட துண்டு ஒதுக்கித் தள்ளிய பக்கத்தோடு போய்விடலாம்.

இப்படிச் சேர்த்தது நாலைந்து கிலோ வரும். அதை மண் மாதிரிக்குச் செய்வதுபோலவே வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறி போலக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளி, மீதியை மறுபடி கலந்து, மறுபடி பங்கிட்டு, அரைக்கிலோ அளவுக்குக் கொண்டுவாருங்கள். பூஞ்சை நச்சுக்கு ஒரு கிலோ வேண்டும். பங்கைத் தள்ளும்போது அடியில் தங்கிய தூளையும் அந்தப் பங்கோடு வழித்துத் தள்ளுங்கள். தூளை விட்டுவிட்டு மேலாக அள்ளுகிறவர்கள்தான் அதிகம்.

இதை எதன் மேல் செய்கிறோம் என்பதில் ஓர் எச்சரிக்கை. ஒரு தடவை தவிட்டு மாதிரி ஒன்றில் புரதம் நம்ப முடியாத அளவுக்கு வந்தது. விசாரித்தால், யூரியா சாக்கைப் பிரித்து விரித்து அதன்மேல் பங்கிட்டிருக்கிறார்கள்! தையலில் ஒட்டியிருந்த யூரியா நாலைந்து கிராம் கலந்தால் போதும், அரைக்கிலோ மாதிரியில் புரதக் கணக்கு ஏறத்தாழ 3 சதம் ஏறிவிடும். சலவை செய்த வேட்டியோ, கழுவிக் காயவைத்த தார்ப்பாயோ போதும். தாது உப்பு பார்க்க அனுப்பும் மாதிரியில் துருப்பிடித்த அரிவாளும் தகரமும் படக்கூடாது.

புரதம் என்று காகிதத்தில் இருப்பது என்ன?

யூரியா எப்படிப் புரதம் ஆகும் என்று கேட்பீர்கள். ஆகாது. ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளப்பது நைட்ரஜனை. டென்மார்க் நாட்டின் கெல்டால் என்பவர் 1883-ல் வகுத்த முறை இது. வந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கி 'கச்சாப் புரதம்' என்று எழுதுகிறோம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதம். ஆகவே 50 கிலோ மூட்டையில் அரைக்கிலோ யூரியாவைக் கலந்துவிட்டால் காகிதத்தில் புரதம் ஏறத்தாழ 3 சதம் கூடித் தெரியும். 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமின் என்னும் இரசாயனத்தைச் சேர்த்து, புரதம் குறையாததுபோல் காட்டினார்களே, அதுவும் இதே தந்திரம்தான். லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது.

எனவே கடையில் வாங்கிய பிண்ணாக்கையோ கலப்புத் தீவனத்தையோ சந்தேகப்பட்டு அனுப்பும்போது 'புரதம் பார்க்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். யூரியா இருக்கிறதா என்றும், அமிலத்தில் கரையாத சாம்பல் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கரையாத சாம்பல் என்பது பெரும்பாலும் மணல். தவிட்டில் உமி கலந்திருந்தால் நார்ச்சத்துக் கணக்கு காட்டிக்கொடுக்கும். மணலுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி தீவனத்தைப் போட்டுக் கலக்கி, நிதானமாக இறுத்துப் பாருங்கள். அடியில் நிற்பது விரலுக்கு நறநறக்கும்.

பசுந்தீவனம்

பசும்புல்லில் மாதிரி எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மாட்டுக்கு வெட்டுகிற மாதிரி வெட்டாததுதான். பரிசோதனைக்கு என்றதும் தளதளவென்று இருக்கும் நுனியைக் கிள்ளி எடுத்து வருகிறார்கள். மாட்டுக்குப் போடுவதோ அடித்தண்டோடு சேர்த்து. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75 நாளிலும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கச் சொல்கிறோம். 60, 70 நாள் விட்டுவிட்டால் தண்டு முற்றி நார் ஏறுகிறது, புரதம் இறங்குகிறது. நீங்கள் வழக்கமாக 60 நாளில் அறுப்பவரானால் மாதிரியையும் 60 நாளில்தான் எடுக்க வேண்டும். சோதனைக்காக ஒரு நாள் நல்ல பிள்ளையாகிவிட்டால் வரும் கணக்கு உங்கள் மாட்டுக்குப் பொருந்தாது.

வாய்க்கால் ஓரம், மரநிழல், சாணிக் குழியை ஒட்டிய இடம் நீங்கலாக, பத்துப் பதினைந்து தூர்களிலிருந்து, அறுக்கும் உயரத்திலேயே அறுத்து, எல்லாவற்றையும் விரல் நீளத் துண்டாக நறுக்கிக் கலந்து, கால் பங்கிட்டு ஒரு கிலோ எடுங்கள். பனி உலர்ந்த பிறகு எடுப்பது நல்லது. எடுத்த உடனே, தோட்டத்திலேயே, தராசில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். இதுதான் முக்கியம். அரைமணி நேரம் வெயிலில் கிடந்தாலே புல் எடை குறையும். அன்றே ஆய்வுக்கூடம் சேர முடியாவிட்டால், நிழலில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்தி, மறுபடி நிறுத்து, இரண்டு எடையையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். பச்சையாகவே பாலிதீன் பையில் கட்டித் தபாலில் போடுகிறவர்கள் உண்டு. இங்கே வந்து பிரிக்கும்போது அது பாதி எருவாகியிருக்கும்.

இளஞ்சோளத்துக்கு மட்டும் இதற்கு நேர் எதிரான விதி. முளைத்து ஒரு மாதம், நாற்பது நாளுக்குள் இருக்கும் சோளப் பயிரிலும், மழையில்லாமல் வாடிக் குன்றிய பயிரிலும், அறுத்தபின் விடும் மறுதழைவிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நச்சு மிகுந்திருக்கும். கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் விழுந்து சாவது இதனால்தான். இந்த நச்சு காற்றோடு போய்விடும் தன்மையுடையது. மற்றப் புல்லைப்போல நிழலில் உலர்த்தி அனுப்பினால், வழியிலேயே நச்சு பறந்துவிடும். 'பயமில்லை' என்று முடிவு வரும். நீங்கள் வயலில் நிற்கும் பச்சைப் பயிரில் மாட்டை விடுவீர்கள். ஆகவே இதை நறுக்காமல், கசக்காமல், அறுத்த உடனே காற்றுப் புகாத பையில் போட்டு, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பயிரில் எந்தப் பகுதி அதிகம் வாடியிருக்கிறதோ, எங்கே மறுதழைவு இருக்கிறதோ, அங்கே தனியாக எடுங்கள். சராசரி பார்க்கும் விஷயம் அல்ல இது. முடிவு வரும்வரை மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். மேய்ந்துவிட்ட மாடு மூச்சுத் திணறினால் ஆய்வுக்கூடத்தை நினைக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்கும். சோளத்தைப் பூத்த பிறகு அறுத்துப் போடுகிறவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கடலைக்கொடியும் வைக்கோலும்

கடலைக்கொடியில் சத்தெல்லாம் இலையில் இருக்கிறது. காய்ந்த கொடியைப் போரிலிருந்து இழுத்தால் இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் கையில் வரும். அதை அனுப்பினால் 'இதற்கு வைக்கோலே தேவலை' என்றுதான் முடிவு வரும். போருக்குப் பக்கத்தில் துணியை விரித்து, போரின் நான்கு பக்கமும், கையை முழங்கை ஆழம் உள்ளே விட்டு, அரிவாளால் அறுத்து மெதுவாக வெளியே எடுங்கள். துணியில் உதிர்ந்த இலையையும் தூளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போடும்போதும் இலை உதிர்ந்து தரையில் வீணாகிறதென்றால், அதைச் சீட்டில் எழுதுங்கள்.

வைக்கோலில் அவ்வளவு சிரமம் இல்லை. மழையில் நனைந்து கறுத்த மேல் தட்டை விட்டு, உள்ளிருந்து பத்து இடங்களில் எடுத்தால் போதும். டெல்டாவிலிருந்து லாரியில் வரும் இயந்திரக் கட்டு என்றால், ஏழெட்டுக் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் உள்சுருளிலிருந்து ஒரு பிடி எடுங்கள். ஈரத்தோடு கட்டியதில் நடுவில்தான் பூஞ்சை இருக்கும். வெளியே மஞ்சளாக, நன்றாகவே தெரியும். உண்மையைச் சொன்னால், நல்ல வைக்கோலைப் புரதத்துக்காகச் சோதிப்பது காசுக்குக் கேடு. நாலு சதத்தைத் தாண்டாது என்று சோதிக்காமலே சொல்லலாம்.

சைலேஜ் என்னும் ஊறுகாய்ப் புல்லை, மூடி ஒன்றரை மாதமாவது ஆன பிறகு, அன்றன்று வெட்டி எடுக்கும் புது முகப்பிலிருந்து எடுக்க வேண்டும். பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, குளிரில் வைத்து அன்றே அனுப்புங்கள்.

வெள்ளாடு வளர்ப்போர் சிலர், "எங்கள் ஆடு காட்டில் கண்டதையும் மேய்கிறது, அதில் எதைச் சோதிப்பது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வழி உண்டு. மந்தையில் ஒரு ஆட்டைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னாலேயே அரைமணி நேரம் நடந்து, அது எந்தச் செடியில் எந்தக் கொழுந்தைக் கடிக்கிறதோ அதே செடியில் அதே அளவு நீங்களும் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டே போங்கள். இப்படி மூன்று நான்கு ஆடுகள், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வேலிக்காத்தான் நெற்று விழும் மாதத்தில் எடுத்த கணக்கும் தை மாதத்துக் கணக்கும் ஒன்றாக இராது என்பதால் மாதத்தைத் தவறாமல் குறியுங்கள்.

வந்த அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் எல்லாக் கணக்குகளும் பெரும்பாலும் 'உலர் பொருள் அடிப்படையில்' இருக்கும். தண்ணீரை முழுதும் நீக்கிவிட்டுப் போட்ட கணக்கு என்று பொருள். ஒட்டுப்புல்லில் புரதம் 10 சதம் என்று வந்திருக்கிறது. நான் 25 கிலோ போடுகிறேன். எனவே இரண்டரைக் கிலோ புரதம் போகிறது என்று ஒருவர் கணக்குப் போட்டு, பிண்ணாக்கை நிறுத்தியே விட்டார். அந்தப் புல்லில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். 25 கிலோவில் உலர் பொருள் 5 கிலோதான். அதில் 10 சதம் என்றால் 500 கிராம். தோட்டத்திலேயே நிறுக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தத் தண்ணீர்க் கணக்கு தெரியாவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் தொங்கலில் நிற்கும். அறிக்கையோடு, மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, என்னென்ன எவ்வளவு போடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடமோ, மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்திலோ காட்டினால் தீவனக் கலவையைத் திருத்திக் கொடுப்பார்கள். பல சமயம் செலவு குறையும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. எதை எதைச் சோதிக்க வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை கிராம் வேண்டும் என்று முதலில் விசாரித்துக்கொண்டு மாதிரி எடுங்கள். இரண்டு பசு வைத்திருப்பவர் தனியாகக் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஒரே கடையில், ஒரே வண்டியில் வந்த மூட்டைகளை வாங்கிய ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மாதிரி எடுத்தால் தலைக்குக் கொஞ்சம்தான் வரும். வேறு வேறு வண்டியில் வந்ததைச் சேர்க்கக் கூடாது.

உலர்ந்த தீவனத்தைப் புதுப் பாலிதீன் பையில் கட்டலாம். லேசாக ஈரம் இருந்தாலும் பாலிதீன் ஆகாது. வழியிலேயே பூஞ்சை பிடித்து, இல்லாத நோய் இருப்பதாக ஆகிவிடும். அதற்குத் துணிப்பையோ தடித்த காகிதப் பையோ நல்லது. சீட்டு இரண்டு எழுதி, ஒன்றைத் தனியாக ஒரு சிறு பையில் மடித்து உள்ளே வைத்து, ஒன்றை வெளியே கட்டுங்கள். பென்சிலால் எழுதினால் ஈரத்தில் அழியாது. பெயர், ஊர், தீவனத்தின் பெயர், வாங்கிய தேதி, மொத்தம் எத்தனை மூட்டை, எத்தனையில் எடுத்தது, எடுத்த தேதி, எந்தச் சோதனை வேண்டும், மாட்டுக்கு ஏதாவது உபத்திரவம் இருந்தால் என்ன, எத்தனை நாளாக என்று இருக்க வேண்டும். திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிய பொட்டலம் ஞாயிறு முழுதும் பஸ் நிலையத்தில் வெந்துகொண்டு கிடக்கும்.

கடைசியாக, அனுப்பும் அளவுக்குச் சமமாக இன்னொரு பொட்டலம் அதே குவியலிலிருந்து எடுத்து, வாங்கிய கடைக்காரர் எதிரிலேயே கட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கி, இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில் ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் மறு சோதனைக்கு அதுதான் இருக்கும். கையெழுத்துப் போட மறுக்கிற கடையில் அடுத்த மூட்டை வாங்குவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அந்த நாமக்கல் பெரியவர் அந்த ஆண்டுக்குப் பிறகு சாளையில் பலகை அடித்து, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டார். ஆள் புகுந்து பின்வரிசை மூட்டையிலும் குத்தூசி போடலாம்.